ஆங்கில வினைக்கு எந்த ப்ரிபொசிஷன்? தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ் கற்றுக்கொள்கிற ஒருவர் "நான் இந்தப் பாட்டைப் பிடிக்கும்" என்று சொன்னால் நமக்கு உடனே உறுத்தும். "எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்" என்று திருத்துவோம். ஏன் 'எனக்கு' என்று அவர் திருப்பிக் கேட்டால் தடுமாறுவோம். 'விரும்புகிறேன்' என்றால் 'நான்' வருகிறது, 'பிடிக்கும்' என்றால் 'எனக்கு' வருகிறது. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'பிடிக்கும்' என்கிற வினை அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். சின்ன வயதில் இதை யாரும் நமக்கு விதியாகச் சொல்லித் தரவில்லை. அந்த வினை காதில் விழுந்தபோதெல்லாம் கூட வருவதும் சேர்ந்தே விழுந்தது.

ஆங்கிலத்தில் வினையும் ப்ரிபொசிஷனும் சேர்வதும் இதே கதைதான். தமிழில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்கிற சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். ஆனால் எது வர வேண்டும் என்று முடிவு செய்வது இரண்டு மொழியிலும் பெரும்பாலும் வினைதான். 'லிசன்' என்றால் 'டு', 'வெயிட்' என்றால் 'ஃபார்', 'டிபெண்ட்' என்றால் 'ஆன்'. 'கு என்றால் டு, இல் என்றால் இன், மேல் என்றால் ஆன்' என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினால்தான் சிக்கல். பிறர் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைப் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அவற்றில் நான் பார்க்கிற ப்ரிபொசிஷன் பிழைகளில் பெரும்பாலானவை அந்த அட்டவணையிலிருந்து வருபவை.

உள்ளே போவதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. ஓ, எஃப் என்று இரண்டெழுத்தில் எழுதும் சொல்லை இங்கே 'ஆவ்' என்றும், எஃப் இரண்டு முறை வரும் சொல்லை 'ஆஃப்' என்றும் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இவற்றின் ஒலி உண்மையிலேயே வேறு, பொருளும் வேறு. தமிழில் இரண்டையும் 'ஆஃப்' என்றே சொல்லிப் பழகியவர்கள் எழுதும்போது மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

முதல் படி: நோட்டில் எழுதும் முறையை மாற்றுங்கள்

'வெயிட் – காத்திரு' என்று எழுதி வைத்துப் படிப்பதுதான் பலருடைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். 'வெயிட் ஃபார்' என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பொருளைவிட உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் இருப்பது நல்லது. "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை." நீங்கள் உண்மையிலேயே யாருக்கோ அனுப்பக்கூடிய வாக்கியமாக இருந்தால் அது நினைவில் தங்கும்.

தொடக்கத்துக்கு ஒரு இருபது ஜோடி போதும். 'லிசன் டு', 'பிலாங் டு', 'லுக் அட்', 'லுக் ஃபார்', 'ஆஸ்க் ஃபார்', 'பே ஃபார்', 'அப்ளை ஃபார்', 'டிபெண்ட் ஆன்', 'ஸ்பெண்ட் ஆன்', 'இன்சிஸ்ட் ஆன்', 'அக்ரீ வித்', 'டீல் வித்', 'பிலீவ் இன்', 'சக்சீட் இன்', 'சஃபர் ஃப்ரம்', 'பாரோ ஃப்ரம்', 'கன்சிஸ்ட் ஆவ்'. மீதி மூன்றை உங்கள் வேலையிலிருந்து நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில வினைகளுக்கு இரண்டு இருக்கைகள் உண்டு. ஒன்றில் ஆள் உட்காருவார், இன்னொன்றில் விஷயம். 'அபாலஜைஸ்' அப்படி ஒன்று. ஆளுக்கு 'டு', விஷயத்துக்கு 'ஃபார்': "ஐ அபாலஜைஸ்டு டு ஹெர் ஃபார் த டிலே." "ஐ அபாலஜைஸ் யூ" என்று எழுதுவது தவறு. 'கம்ப்ளெயின்' என்றால் ஆளிடம் 'டு', விஷயத்துக்கு 'அபவுட்'. 'பிளேம்' விசித்திரமானது. எதை முதலில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ப்ரிபொசிஷன் மாறும். ஆள் முதலில் வந்தால் "தே பிளேம்டு ஹிம் ஃபார் த மிஸ்டேக்", தவறு முதலில் வந்தால் "தே பிளேம்டு த மிஸ்டேக் ஆன் ஹிம்". 'எக்ஸ்ப்ளெயின்' என்ற வினையில் விஷயம் நேராக வரும், ஆளுக்கு மட்டும் 'டு' வேண்டும். "எனக்கு விளக்குங்கள்" என்பதை அப்படியே "எக்ஸ்ப்ளெயின் மி" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். "எக்ஸ்ப்ளெயின் இட் டு மி" என்பதே சரி. அதே பொருள்தானே என்று 'டெல்' என்ற வினைக்கும் 'டு' போட்டுவிடாதீர்கள். 'டெல்' ஆளை நேராக எடுத்துக்கொள்ளும்: "ஹி டோல்டு மி". 'சே' என்றால் 'டு' வேண்டும்: "ஹி செட் டு மி".

'கேள்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்

எங்கே வழுக்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தமிழில் பாட்டையும் கேட்கிறோம், கேள்வியையும் கேட்கிறோம், உதவியும் கேட்கிறோம், ஊர்ச் செய்தியும் கேட்கிறோம், சொல் பேச்சும் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே 'கேள்'. ஆங்கிலம் இதைப் பல அறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு ப்ரிபொசிஷன் நிற்கிறது. சில கதவுகளில் ஒன்றும் இல்லை.

காதில் தானாக விழுந்தால் 'ஹியர்', ப்ரிபொசிஷன் கிடையாது: "ஐ ஹர்டு எ நாய்ஸ்." கவனித்துக் கேட்டால் 'லிசன் டு': "ஐ லிசன்டு டு த சாங்." இங்கே 'டு'வை விழுங்கிவிட்டு "ஐ லிசன்டு த சாங்" என்று சொல்வது மிகவும் பரவலான பிழை. தமிழில் "பாட்டைக் கேட்டேன்" என்று நேராகச் சொல்லிப் பழகியதால் அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஒருவரிடம் கேள்வி கேட்டால் "ஐ ஆஸ்க்டு ஹிம்". தமிழில் 'அவனிடம்' என்று வருவதால் 'டு' போடத் தோன்றும், போடக் கூடாது. ஒரு பொருளையோ உதவியையோ கேட்டால் 'ஆஸ்க் ஃபார்': "ஐ ஆஸ்க்டு ஹிம் ஃபார் ஹெல்ப்." ஒன்றைப் பற்றி விசாரித்தால் 'ஆஸ்க் அபவுட்'. ஒருவர் எப்படி இருக்கிறார் என்று நலம் விசாரித்தால் 'ஆஸ்க் ஆஃப்டர்'.

'ஹியர்' தனியாக வரும்போது காதின் வேலை. அதோடு ப்ரிபொசிஷன் சேர்ந்தால் பொருள் நகர்ந்துவிடும். 'ஹியர் ஃப்ரம்' என்றால் ஒருவரிடமிருந்து கடிதமோ அழைப்போ வருவது. 'ஹியர் ஆவ்' என்றால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருப்பது. 'ஹியர் அபவுட்' என்றால் நடந்த செய்தி காதுக்கு எட்டுவது. கடிதத்தின் முடிவில் "ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ சூன்" என்பதற்குப் பதிலாக "ஹியர் ஆவ் யூ" என்று எழுதினால், உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்பது போய், உங்களைப் பற்றி யாராவது சொல்லக் கேள்விப்பட வேண்டும் என்ற பொருள் வந்துவிடும்.

உங்கள் நோட்டில் 'கேள்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதிப் பாருங்கள். 'பார்', 'பேசு', 'போ' என்று அடுத்தடுத்த பக்கங்கள் தானாக நிரம்பும். நம் வினையிலிருந்து கிளம்பி ஆங்கிலத்தின் அறைகளுக்குப் போவது அகராதியை அகர வரிசையில் படிப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இரண்டாம் படி: ஒன்றும் வேண்டாத வினைகளை அடையாளம் காணுங்கள்

விட்டுவிடுவது ஒரு பிழை என்றால் தேவையில்லாமல் சேர்ப்பது இன்னொரு பிழை. 'டிஸ்கஸ் அபவுட்' இதில் முதலிடம். "அதைப் பற்றி விவாதித்தோம்" என்ற தமிழ் வாக்கியத்திலிருந்து அந்த 'அபவுட்' நேராக இறங்கி வருகிறது. ஆங்கிலத்தில் "வி டிஸ்கஸ்டு த பிளான்" என்று சொன்னால் போதும். 'பற்றி' என்பது 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதே வரிசையில் 'என்டர்', 'ரீச்', 'அப்ரோச்', 'ஆன்சர்', 'கான்டாக்ட்', 'ரெசெம்பிள்', 'மேரி', 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்', 'எம்ஃபசைஸ்', 'விசிட்' ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைவது "என்டர் த ரூம்". 'என்டர் இன்டு' என்பது ஒப்பந்தம், பேச்சுவார்த்தை போன்றவற்றில் இறங்குவதற்கு. கூட்டத்துக்குப் போவது 'அட்டெண்ட் த மீட்டிங்'. 'அட்டெண்ட் டு' என்றால் ஒரு வேலையையோ ஆளையோ கவனிப்பது.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்பதற்குத் தமிழைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இதே சொற்களைப் பெயர்ச்சொல்லாக்கினால் ப்ரிபொசிஷன் தேவைப்படுகிறது. 'எ டிஸ்கஷன் அபவுட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார்', 'அன் ஆர்டர் ஃபார்', 'எ விசிட் டு', 'தி ஆன்சர் டு', 'எம்ஃபசிஸ் ஆன்' எல்லாம் சரியான ஆங்கிலம். படிக்கும்போது இவை கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் வினைக்கும் அதையே போட்டுவிடுகிறோம். ஆகவே எழுதும்போது ஒரு கேள்வி போதும்: இந்த இடத்தில் இந்தச் சொல் வினையா, பெயரா? "ஐ ரிக்வெஸ்டட் லீவ்" என்றால் வினை, சும்மா வரும். "மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" என்றால் பெயர், 'ஃபார்' வேண்டும்.

'மேரி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஷி மேரீடு ஹிம்" சரி. "ஷி இஸ் மேரீடு டு ஹிம்", "ஷி காட் மேரீடு டு ஹிம்" இரண்டும் சரி. "மேரீடு வித் ஹிம்" எப்போதும் தவறு. தமிழில் 'அவனோடு திருமணம்' என்று சொல்வதால் வருகிற 'வித்' அது.

'ரிட்டர்ன் பேக்', 'ரிவர்ட் பேக்' இரண்டிலும் 'பேக்' வேண்டாம். லத்தீனிலிருந்து வந்த 'ரி' என்ற முன்னொட்டிலேயே 'திரும்ப' என்ற பொருள் இருக்கிறது. 'கோப் அப் வித்' என்று ஒன்றும் கிடையாது, 'கோப் வித்' மட்டும்தான். 'கேச் அப் வித்', 'கீப் அப் வித்' ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு அந்த 'அப்' இங்கேயும் தொற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போவது "கோ ஹோம்". 'கோ டு ஹோம்' இல்லை. 'இங்கே' என்ற பொருளில் வரும் 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்', 'அப்ஸ்டேர்ஸ்' எல்லாமே அப்படித்தான், இவற்றுக்கு முன்னால் 'டு' வராது. 'அரைவ்' என்ற வினைக்கும் 'டு' ஒருபோதும் வராது. நகரம், நாடு என்றால் 'அரைவ் இன்'. ஸ்டேஷன், கட்டடம் போன்ற ஒரு புள்ளி என்றால் 'அரைவ் அட்'.

மூன்றாம் படி: ஒரே வினை, வேறு வேறு துணை

சில பேர் இங்கே வந்ததும் ப்ரிபொசிஷனுக்குப் பொருளே இல்லை, எல்லாம் மனப்பாடம்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது உண்மையில்லை. 'அட்' என்பதை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதற்குள் குறி பார்ப்பது போன்ற ஒரு பொருள் இருக்கிறது. 'லுக் அட்', 'பாயின்ட் அட்', 'எய்ம் அட்' எல்லாவற்றிலும் ஒரு இலக்கு உண்டு. பந்தை 'த்ரோ டு' செய்தால் அவர் பிடிக்க வேண்டும் என்று எறிகிறோம். 'த்ரோ அட்' செய்தால் அவர் மேல் பட வேண்டும் என்று எறிகிறோம். 'ஷவுட் டு' என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்துவது. 'ஷவுட் அட்' என்றால் கோபத்தில் கத்துவது.

என்னிடம் படித்த ஒரு பெண் புதிய வேலையில் சேர்ந்த முதல் நாளைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தார். உடன் வேலை செய்கிறவர் தன்னைப் பார்த்துச் சிரித்ததில் தனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதுதான் விஷயம். எழுதியிருந்தது: "ஷி லாஃப்டு அட் மி." படிக்கிற ஆங்கிலக்காரருக்கு அது கேலி. பார்த்துச் சிரிப்பது 'ஸ்மைல் அட்', கேலியாகச் சிரிப்பது 'லாஃப் அட்', சேர்ந்து சிரிப்பது 'லாஃப் வித்'. நல்ல நினைவாக எழுதிய பத்தி அந்த ஒரு சொல்லால் மனக்குறை சொல்லும் பத்தியாகிவிட்டது. இலக்கணப் பிழைகூட இல்லை. அதனால் எந்த மென்பொருளும் அதில் சிவப்புக் கோடு போட்டிருக்காது. இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் துணையோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

'லுக்' குடும்பம் பெரிது: பார்ப்பது 'லுக் அட்', தேடுவது 'லுக் ஃபார்', கவனித்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர்', ஒரு பிரச்சினையை விசாரிப்பது 'லுக் இன்டு'. 'அக்ரீ' என்றால் ஆளோடும் கருத்தோடும் 'வித்', முன்வைத்த யோசனைக்கு 'டு', பலர் கூடி எடுக்கும் முடிவுக்கு 'ஆன்'.

வண்டியில் ஏறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்'. கார், டாக்சி என்றால் 'கெட் இன்', இறங்கினால் 'கெட் அவுட் ஆவ்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்', உடம்பை மடக்கி உள்ளே உட்காரும் வண்டிக்கு 'இன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'ஆன்' வருவது மேலே ஏறி உட்காருவதால்.

நான்காம் படி: ஃப்ரேசல் வெர்ப்

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலும் வினை தன் பொருளை இழக்கவில்லை. இனிமேல் வருவது வேறு வகை. 'கிவ்' என்றால் கொடு, 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'புட்' என்றால் வை, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. சின்னச் சொல் சேர்ந்ததும் வினை புதிதாகப் பிறந்துவிடுகிறது. 1755இல் வெளிவந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, அயல்நாட்டினருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது இந்தச் சேர்க்கைதான் என்று சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே கஷ்டமாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால் குறை உங்களிடம் இல்லை.

ஆனால் தமிழ் பேசுகிறவர்களிடம் இதற்கு ஒரு சாவி இருக்கிறது. நம் துணைவினைகளைப் பாருங்கள். 'விடு' என்றால் தனியாக நிற்கும்போது கையை எடுப்பது, போக விடுவது. 'சாப்பிட்டுவிடு' என்று சொல்லும்போது எதையும் விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு முடிக்கச் சொல்கிறோம். 'ஈட் அப்' என்பதில் 'அப்' செய்கிற வேலையும் அதேதான். மேலே என்ற பொருள் அங்கே இல்லை, முழுதாக முடிப்பது என்ற பொருள் இருக்கிறது. 'ட்ரிங்க் அப்' குடித்துவிடு, 'யூஸ் அப்' தீர்த்துவிடு. 'கேரி ஆன்', 'கீப் ஆன்' ஆகியவற்றில் வரும் 'ஆன்' நம்முடைய 'கொண்டே இரு'. 'ரைட் டவுன்' என்பது எழுதி வை. 'த்ரோ அவே' என்பது தூக்கிப் போடு. 'புட் ஆன்' என்றால் சட்டையைப் போட்டுக்கொள்வது, அதாவது அந்தச் செயல். போட்டிருப்பது 'வேர்'. 'போட்டுக்கொண்டான்', 'போட்டிருந்தான்' என்று நாம் காட்டுகிற வேறுபாட்டை அவர்கள் இரண்டு வினைகளில் காட்டுகிறார்கள்.

எல்லா இடத்திலும் இந்தச் சாவி திறக்காது. 'பிரிங் அப்' என்றால் பிள்ளையை வளர்ப்பதும் ஆகும், பேச்சில் ஒரு விஷயத்தை எடுப்பதும் ஆகும். 'டேக் ஆஃப்' என்றால் சட்டையைக் கழற்றுவது, விமானம் என்றால் கிளம்புவது. இவற்றை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இரண்டையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது தள்ளிவைப்பது, பின்னது ரத்து செய்வது. கூட்டம் தள்ளிப்போனதை 'கால்டு ஆஃப்' என்று எழுதினால், அது இனி நடக்காது என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

அடுத்து, சொற்களின் வரிசை. "டர்ன் ஆஃப் த லைட்" என்றும் சொல்லலாம், "டர்ன் த லைட் ஆஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் 'லைட்' போய் 'இட்' வந்துவிட்டால் ஒரே வழிதான்: "டர்ன் இட் ஆஃப்." "டர்ன் ஆஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை. 'பிக் இட் அப்', 'த்ரோ இட் அவே', 'புட் தெம் ஆன்' எல்லாம் அப்படியே. இதற்கு மாறாக 'லுக் ஆஃப்டர்' பிரியாது. "லுக் ஆஃப்டர் ஹிம்" மட்டும்தான். 'லுக் இன்டு', 'கம் அக்ராஸ்', 'கெட் ஓவர்' ஆகியவையும் பிரியாதவை.

எது பிரியும் எது பிரியாது என்று எப்படித் தெரியும்? இது போன்ற நேர் வாக்கியத்தில் ப்ரிபொசிஷன் என்றால் தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும், அதைத் தாண்டிப் பின்னால் போகாது. பிரிகிற வினைகளில் வரும் 'ஆஃப்', 'அப்' எல்லாம் ப்ரிபொசிஷன் போலத் தோன்றினாலும் வினைக்குச் சொந்தமான துணுக்குகள். "ஹி ரேன் அப் எ ஹில்", "ஹி ரேன் அப் எ பில்" என்ற இரண்டு வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னதில் மலைமேல் ஓடினான், 'அப்' மலையைச் சேர்ந்தது. பின்னதில் செலவு செய்து பில்லை ஏற்றிவிட்டான், 'அப்' வினையைச் சேர்ந்தது. பில்லை "ஹி ரேன் இட் அப்" என்று சொல்லலாம், மலையை அப்படிச் சொல்ல முடியாது. பேச்சில் பில் வாக்கியத்தின் 'அப்' கொஞ்சம் அழுத்தமாகவும் விழும்.

நடைமுறையில் இதற்கு அகராதியே உதவும். கற்கிறவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கில அகராதிகள் பலவற்றில் 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று பொருளுக்கான சொல்லை நடுவில் போட்டிருப்பார்கள். சிலவற்றில் இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருக்கும். அப்படி இருந்தால் பிரியும். 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று கடைசியில் இருந்தால் பிரியாது. இந்த ஒரு குறிப்பைப் பார்க்கப் பழகினாலே மனப்பாடச் சுமை பெரிதும் குறையும்.

மூன்று சொல் சேர்ந்தவையும் உண்டு. 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்வது, 'ரன் அவுட் ஆவ்' தீர்ந்துபோவது, 'கம் அப் வித்' யோசனை கண்டுபிடிப்பது, 'கெட் அலாங் வித்' ஒத்துப்போவது. இவை பிரியாது, பொருள் கடைசியில்தான் வரும்.

'டு'வுக்குப் பின்னால் 'இங்'

ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' வடிவத்தில்தான் வரும். "தேங்க் யூ ஃபார் கமிங்" எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். "ஷி இன்சிஸ்டட் ஆன் பேயிங்", "ஹி சக்சீடட் இன் ஃபைண்டிங் இட்" எல்லாம் அதே அச்சு.

சிக்கல் 'டு' வரும்போதுதான். 'வான்ட் டு மீட்' என்பதிலும் 'டு' இருக்கிறது, 'லுக் ஃபார்வர்டு டு' என்பதிலும் 'டு' இருக்கிறது. முதலாவது வினையின் முன்னால் வரும் வெறும் அடையாளம், இரண்டாவது அசல் ப்ரிபொசிஷன். அதனால் "ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ" என்று எழுத வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் கடைசி வரியாக "லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ" என்று வருவதை நான் எண்ண முடியாத அளவுக்குத் திருத்தியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்டு டு இட்" நிற்கிறது, அப்படியானால் 'இங்'. "ஐ வான்ட் டு இட்" நிற்கவில்லை, அப்படியானால் வெறும் வினை.

இந்தச் சோதனை 'யூஸ்டு டு' என்பதையும் தீர்த்துவைக்கும். "ஐ யூஸ்டு டு வேக் அப் ஏர்லி" என்றால் முன்பு சீக்கிரம் எழும் பழக்கம் இருந்தது, இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் ஏர்லி" என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிவிட்டது.

ஐந்தாம் படி: காதைப் பழக்குங்கள்

படித்தவை பேசும்போது ஏன் வருவதில்லை? முக்கியமான காரணம், இவை நம் காதில் சரியாக விழுவதே இல்லை. ஆங்கிலப் பேச்சில் இந்தச் சின்னச் சொற்கள் பெரும்பாலும் அழுத்தமில்லாமல் அமுங்கிப் போகும். 'ஃபார்' என்பது 'ஃபர்' ஆகும், 'டு' என்பது 'ட' ஆகும். "லுக் அட் இட்" என்பது 'லுக்கடிட்' என்று ஒரே மூச்சில் ஓடும். "பிக் இட் அப்" என்பது 'பிக்கிட்டப்'. நாம் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எதிர்பார்த்துக் காத்திருப்பதால் இவை நழுவிவிடுகின்றன. எழுத்து வடிவம் கூடவே கிடைக்கிற பேச்சு ஒன்றை எடுத்து ஒரு நிமிடப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதலில் பார்க்காமல் கேட்டு, விட்டதைப் பிறகு எழுத்தில் பாருங்கள். அப்புறம் அதே வேகத்தில் ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். மணிக்கணக்கில் படம் பார்ப்பதைவிட இந்த ஒரு நிமிடம் பலன் தரும் என்பது என் அனுபவம்.

கேள்வி கேட்கும்போது ப்ரிபொசிஷன் கடைசியில் தனியாக நிற்கும். "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" "வாட் ஆர் யூ லுக்கிங் அட்?" "வாட் ஆர் யூ லிசனிங் டு?" தமிழில் 'யாருக்காக' என்று முன்னாலேயே ஒட்டிவிடுவதால் அந்தக் கடைசிச் சொல் நமக்குத் தேவையில்லாததாகப் படுகிறது. விட்டுவிடாதீர்கள். ப்ரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அன்றாடப் பேச்சுக்கு அது பொருந்தாது. 'ஃபார் ஹூம்' என்று தொடங்கும் கேள்வி நண்பர்களுக்கிடையே மிகவும் விறைப்பாகக் கேட்கும். செயப்பாட்டு வினையிலும் அது வினையோடு ஒட்டியே இருக்கும்: "த மேட்டர் இஸ் பீயிங் லுக்டு இன்டு."

பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளில் சில மாறும். படிவத்தை 'ஃபில் இன்' என்றும் 'ஃபில் அவுட்' என்றும் சொல்வார்கள், இரண்டும் நிரப்புவதுதான். அமெரிக்கர்கள் "ரைட் மி" என்பதை பிரிட்டிஷார் "ரைட் டு மி" என்பார்கள். தொடக்கத்தில் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்றைக்கே தொடங்க ஒரு வழி சொல்கிறேன். கடந்த வாரம் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய பத்துச் செய்திகளையோ மின்னஞ்சல்களையோ எடுங்கள். வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன வந்திருக்கிறது என்று பார்த்து அகராதியில் சரிபாருங்கள். தவறாக வந்தவை எத்தனை ஜோடி என்று எண்ணுங்கள். ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும், நீங்கள் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த ஜோடிகளை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் அனுப்பும் செய்திகளில் ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறையாவது சரியாகப் பயன்படுத்துங்கள்.